நீர்க்கடம்பும் அடிபம்புத் தண்ணீரும்

நடந்தது இது:

1. ஒரு பங்குனி மாதம், நாற்றங்காலில் நீர்க்கடம்புக் கன்றுகளின் தளிரில் மாவுப்பூச்சி வந்தது.
2. வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து தெளித்தோம். கலந்து தெளித்தவர் அஞ்சலை அக்கா.
3. மூன்றாம் நாள் சில பாத்திகளில் இலை ஓரம் கருகியது.
4. பூச்சி கூடிவிட்டது என்று பதிவேட்டில் எழுதினேன்.
5. எண்ணெயை இரண்டு மடங்காக்கி மறுபடி தெளிக்கச் சொன்னேன். வாயால் சொன்னேன், எழுதவில்லை.
6. ஆறு பாத்திக் கன்றுகள் இலை கொட்டின.
7. அளவு பார்க்காமல் ஊற்றிவிட்டார் என்று முதலாளி அஞ்சலை அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்.

இந்த ஏழில் நான்காவதும் ஐந்தாவதும் என்னுடையவை. அவற்றால் ஏழாவது வந்தது.

ஒன்பது வருடம் அந்த நாற்றங்காலில் தொழில்நுட்ப உதவியாளராக இருந்தேன். தென்னைநார்த் தூளும் கந்தகத் தூளும் சேர்ந்து மூச்சிரைப்பைக் கொண்டுவந்ததால் போன தை மாதம் வேலையை விட்டேன். முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் திவ்யா சிரிப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்கிறாள்.

இந்த முறை அவள் கேட்டது வேறு. யாரோ ஒருவர் நாற்றங்காலுக்கு போன் செய்து, கிரேட்டம் மரத்தை வெளியில் வைத்து வளர்த்தால் என்ன பூச்சி வரும், என்ன அடிக்க வேண்டும் என்று விசாரித்திருக்கிறார். அது நம் பக்கத்து மரம் இல்லை. தாய்லாந்து, மலேசியாப் பக்கம் வளர்வது, இலையைப் போதைக்காக மெல்வார்களாம். நம் ஏரிக்கரை நீர்க்கடம்பு அதற்கு நெருங்கிய சொந்தம். இணையத்தில் இரண்டு பெயரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிடுகிறார்கள். அது எங்களிடம் இல்லை, வளர்த்த அனுபவமும் இல்லை, வளர்க்கலாமா கூடாதா என்பதைச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லச் சொன்னேன். “சரிக்கா, அவருக்கு அப்படிச் சொல்லிட்றேன். நம்ம மரத்துக்கு என்ன பண்ணணும்னு எனக்கு எழுதிக் குடுங்க” என்றாள். பட்டியலாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இப்படி ஆகிவிட்டது.

நாற்றங்கால் மரக்காணத்திலிருந்து பிரம்மதேசம் போகும் சாலையில், கழுவெளி ஏரிக்கு மேற்கே இருக்கிறது. ஏரிக்கரைகளுக்கான மரக்கன்றுகள்தான் வேலை. எங்கள் வீடு மரக்காணத்தில். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள். தோட்டக்கலை டிப்ளமா முடித்து, எட்டு மாதம் வேறோர் இடத்தில் பயிற்சி பெற்று, இங்கே சேர்ந்தேன். பயிற்சியில் பூச்சிகளின் பெயரும் மருந்துகளின் அளவும் மனப்பாடம் ஆகியிருந்தன. பார்க்கக் கற்றது ஷாகிதா மேடத்திடம்.

ஷாகிதா மேடம் நாற்றங்காலின் மேலாளர். கோட்டக்குப்பத்துக்காரர், கணவர் ஷார்ஜாவில். என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர். காலைச் சுற்றுக்குக் கிளம்பும்போது அவரிடம் மூன்று பொருள்கள் இருக்கும்: கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் லென்ஸ், ஒரு பென்சில், ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. தட்டைக் கிளைக்குக் கீழே பிடித்து, பென்சிலால் கிளையை மூன்று தட்டு தட்டுவார். தட்டில் விழுந்தவற்றை எண்ணுவார். பிறகு பாத்திக்குப் பத்து இலைகளைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். ஒன்பது பார்த்துவிட்டுப் பத்து என்று அவர் எழுதி நான் கண்டதில்லை. பதிவேட்டில் ‘பூச்சி’ என்று மட்டும் எழுதினால் பென்சிலால் அடிக்கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். யார், எத்தனை பேர், எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், என்ன தின்கிறார்கள் என்று இருக்க வேண்டும். பூச்சிகளை அவர் எப்போதும் மரியாதையாகத்தான் சொல்வார். “அசுவினி வந்திருக்காங்க. நாலு நாள் விடு, பின்னாடியே பொறிவண்டு வருவாங்க.”

அவருடைய கோபத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. குரல் உயராது, மரியாதை உயரும். ‘வா நிர்மலா’ என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது. ‘வாங்க நிர்மலா’ என்றால் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன்.

முதல் வருடம் ஒரு ‘வாங்க’ கிடைத்தது. குட்டையோரம் விதைக்காக விட்டிருந்த பெரிய நீர்க்கடம்புகளில் புழு இருந்தது. இலையை நுனியிலிருந்து தின்று, நடு நரம்பை மட்டும் குச்சிபோல் விட்டு, மிச்சத் துணுக்குகளை அதிலேயே நூல் கட்டித் தொங்கவிட்டு, அந்தக் குப்பைக்குள் உட்கார்ந்திருக்கும் புழு. முள்முள்ளாக, பாசி நிறத்தில். நாற்பதுக்கு மேல் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, பெருமையாக எண்ணிக்கையை எழுதினேன்.

“மரம் எவ்ளோ உயரம்ங்க?” என்று கேட்டார்.

இருபது அடி இருக்கும் என்றேன்.

“நாப்பது புழு சேர்ந்து எத்தனை எலை தின்னுச்சுங்க?”

அதை நான் எண்ணவில்லை. தப்பித்த புழு ஒன்றைக் கண்ணாடிப் பாட்டிலில் இலையோடு போட்டு என் மேசையில் வைத்தார். கூட்டுப்புழுவாகி, பத்துப் பதினைந்து நாளில் செங்கல் நிறத்தில், நடுவே வெள்ளைப் பட்டை ஓடும் வண்ணத்துப்பூச்சியாக அது வெளியே வந்தது. அதைத் திறந்துவிட்டபோது அஞ்சலை அக்கா, “போ போ, இந்தப் பொண்ணு இருக்கிற பக்கம் திரும்பி வந்துடாத” என்றார். அன்றிலிருந்து எங்கள் முறை இதுதான்: பெரிய மரத்துப் புழுவைத் தொடுவதில்லை. கன்றில் புழு இருந்தால் கையால் எடுத்துப் பெரிய மரத்தில் கொண்டுபோய் விடுவோம். திவ்யா, இதைக் குறித்துக்கொள்.

அஞ்சலை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினைந்து வயதிலிருந்து உப்பளத்தில் இருந்தவர். நாற்பதைத் தாண்டியபோது பாதம் வெடித்துப் புண்ணாகி ஆறவே இல்லை. உப்புத் தண்ணீரில் இனி கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களிடம் வந்தார். நிழலில், செருப்புப் போட்டுக்கொண்டு, வருடம் முழுக்கச் செய்யக்கூடிய வேலை. அவர் அதை விட்டுவிட முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். படிக்கத் தெரியாது. ஆனால் அளவுக் குவளையில் நான் கோடு போட்டுக் கொடுத்தால் கோட்டுக்கு மேலும் கீழும் ஒரு சொட்டு மாறாது. உப்பளத்தில் இருந்த காலத்தில் தண்ணீரை நாக்கில் வைத்தே எந்தப் பாத்தியில் எப்போது உப்பு இறங்கும் என்று சொல்லுவார் என்பார்கள். அந்த நாக்கை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

இனி அந்தப் பங்குனி.

வேப்பெண்ணெய்க் கரைசலுக்கு என்னிடம் பதினோரு வரிப் பட்டியல் இருந்தது. சோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்க வேண்டும். எண்ணெயை அதில் சொட்டுச் சொட்டாக விட்டு, பால் நிறம் வரும்வரை கலக்க வேண்டும். பிறகுதான் மீதித் தண்ணீர். இளங்கன்றுக்கு லிட்டருக்கு ஐந்து மில்லி எண்ணெய். வெயில் இறங்கிய பிறகு தெளிக்க வேண்டும். இப்படிப் பதினொன்று. என்ன தண்ணீர் என்று அதில் எந்த வரியும் இல்லை. தேவைப்படவில்லை, ஏனென்றால் கலவைக்கு எப்போதும் கொட்டகைக் கூரையிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர்தான். செடிகளுக்கு ஊற்றும் குட்டைத் தண்ணீர் சேறாக இருக்கும், தெளிப்பான் முனையை அடைத்துவிடும்.

அந்த வருடம் மழைத்தண்ணீர்த் தொட்டி சீக்கிரம் வற்றிவிட்டது. ஆபீஸ் பக்கத்து அடிபம்பில் தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. அஞ்சலை அக்கா ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, நல்ல தண்ணி என்றார். நானும் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீராகத்தான் இருந்தது. அதே தண்ணீரைத்தான் இருவரும் தினமும் குடித்துக்கொண்டிருந்தோம். ஷாகிதா மேடம் மட்டும் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருவார். அந்த வாரம் அவர் கணவர் ஷார்ஜாவிலிருந்து வந்திருந்ததால் அவர் விடுப்பில் இருந்தார்.

கலக்கும்போது, நுரை வரவில்லை, சோப்பு மட்டமா என்று அஞ்சலை அக்கா கேட்டார். இன்னும் கொஞ்சம் சோப்பு போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

மூன்றாம் நாள் காலை சில பாத்திகளில் இலை ஓரங்கள் தீய்ந்திருந்தன. எங்கள் பக்கத்தில் இலை கருகினால் முதலில் நினைப்பது உப்புக் காற்றை. ஆனால் உப்புக் காற்று கிழக்குப் பக்கத்து இலைகளைத்தான் கருக்கும். இங்கே எல்லாப் பக்கமும் கருகியிருந்தது. எனவே காற்று இல்லை. காற்று இல்லையென்றால் பூச்சி, இலைப்பேனாக இருக்கலாம் என்று முடிவுகட்டினேன். முதல் பாத்தியில் மட்டும் பத்து இலைகளைத் திருப்பினேன். இரண்டு மாவுப்பூச்சி இருந்தது. மீதிப் பாத்திகளில் இலையைத் திருப்பவில்லை. நடந்துகொண்டே, கருகிய பாத்தி எண்களை மட்டும் எழுதினேன்: 8, 4, 12, 20, 16, 24. அதற்குக் கீழே, ‘தாக்குதல் தீவிரம். மருந்து போதவில்லை.’

அஞ்சலை அக்காவிடம், இந்த முறை கோட்டளவில் இரண்டு குவளை எண்ணெய் ஊற்றச் சொன்னேன். “ரெண்டா? எலை தாங்குமா?” என்று கேட்டார். தாங்கும் என்றேன். குவளைக் கோட்டைக்கூட நான் மாற்றிப் போடவில்லை.

வியாழக்கிழமை முதலாளி திண்டிவனத்திலிருந்து வந்தார். நான் பிரம்மதேசம் ஏரிக்கரையில் குழி அளந்துகொண்டிருந்தேன். அந்தக் கரைக்குத்தான் மழைக்கு முன் இந்தக் கன்றுகள் போக வேண்டும். அவர் இலை இல்லாத பாத்திகளைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். பதிவேட்டில் லிட்டருக்கு ஐந்து மில்லி. அஞ்சலை இரண்டு குவளை ஊற்றியதைப் பார்த்தேன் என்று நாற்றங்கால் வண்டி டிரைவர் சொன்னார். சொன்னதைத்தான் ஊற்றினேன் என்று அஞ்சலை அக்கா சொல்லியிருக்கிறார். யார் சொன்னது, எழுத்தில் எங்கே என்று முதலாளி கேட்டிருக்கிறார். எழுத்தில் எங்கும் இல்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றுவிட்டார்.

மாலை நான் திரும்பியபோது அஞ்சலை அக்கா போயிருந்தார். முதலாளிக்கு அப்போதே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. மேடம் சனிக்கிழமை வந்துவிடுவார், அவர் பேசினால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை அஞ்சலை அக்கா உப்பளத்துக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் போன் செய்யவில்லை. அந்த ஒரு நாளுக்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை, “வாங்க நிர்மலா.”

பாத்திகளைச் சுற்றி வந்து, தட்டைப் பிடித்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. இலைகளைத் திருப்பினார். இலைப்பேன் இல்லை, செம்பேன் இல்லை. மாவுப்பூச்சிகூடச் செத்துக் காய்ந்திருந்தது. ஆபீசுக்கு வந்து ஒரு தாளில் இருபத்து நான்கு கட்டம் போட்டார். கருகிய எண்களைப் படிக்கச் சொன்னார். நான் படிக்கப் படிக்க ஒவ்வொரு கட்டமாகப் பென்சிலால் நிழல் அடித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

“பூச்சிக்கு நாலு நாலா எண்ணத் தெரியுமா?”

“தெரியாதுங்க மேடம்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

முதுகில் மாட்டும் தெளிப்பானின் ஒரு டேங்க் மருந்து சரியாக நான்கு பாத்திக்கு வரும். “டேங்குக்கு” என்றேன்.

அடிபம்புத் தண்ணீரில், என் பட்டியலின்படியே, என்னையே கலக்கச் சொன்னார். கலந்ததும் பால்போல்தான் இருந்தது. அதை ஒரு ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி மேசையில் வைத்தார். டீ வந்தது. இருவரும் குடித்தோம். டீ முடிவதற்குள் பாட்டிலின் மேலே விரல் கனத்துக்கு மஞ்சளாக எண்ணெய் நின்றது. கீழே திரிந்த பால்போல் சோப்புத் துகள். டேங்க் அடியிலிருந்து உறிஞ்சும். முதல் பாத்திகளுக்கு வெறும் தண்ணீர், நான்காம் பாத்திக்குச் சுத்த எண்ணெய். நான் அதை இரண்டு மடங்காக்கியிருந்தேன்.

மேடம் பம்புத் தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் வைத்தார். உடனே துப்பினார்.

“இதையா நல்ல தண்ணின்னு குடிக்கிறீங்க?”

நானும் மறுபடி குடித்துப் பார்த்தேன். அப்போதும் எனக்கு அது நல்ல தண்ணீராகத்தான் இருந்தது. பிறந்ததிலிருந்து அப்படிப்பட்ட தண்ணீரில் பொங்கிய சோற்றைத் தின்ற நாக்கு. தண்ணீரின் உப்பை அளக்கும் மீட்டர் என் மேசை இழுப்பறையில் உறை போட்டு இருந்தது. குட்டைத் தண்ணீருக்கு மாதம் ஒருமுறை அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். பம்புத் தண்ணீரில் அதை ஒருமுறைகூட வைத்ததில்லை. இப்போது வைத்தேன். முள் குட்டைத் தண்ணீரின் அளவைத் தாண்டி வெகுதூரம் போனது, மேடமும் பார்த்தார்.

“அஞ்சலை எங்க?” என்றுதான் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன், வெள்ளிக்கிழமையையும் சேர்த்து. கேட்டு முடித்து, பதிவேட்டை என் முன்னால் வைத்தார். “மொதல்ல எழுது. அப்புறம் போய் அவங்களுக்குப் படிச்சுக் காட்டு. முதலாளிக்கு அப்புறம்.” ‘ங்க’ போயிருந்தது. அதற்கே எனக்குக் கண் கலங்கியது.

உப்பளத்தில் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் போனேன். அஞ்சலை அக்கா நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பாதத்திலும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கயிற்றால் கட்டியிருந்தார். உறைக்குள் தண்ணீர் போயிருந்தது.

என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. அந்தப் பாத்தியை முடிக்கும்வரை வரப்பில் நின்றேன்.

“இன்னா மேடம், இங்கயும் பூச்சி எண்ண வந்துட்டியா?”

பதிவேட்டைக் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னேன். படி என்றார். நின்றபடியே படித்தேன். எண்ணெயை இரண்டு மடங்காக்கச் சொன்னது நான், இலையைத் திருப்பிப் பார்க்காமல் பூச்சி என்று எழுதியது நான், அஞ்சலை சொன்ன அளவில்தான் ஊற்றினார், தண்ணீர் உப்பு என்பதால் எண்ணெய் பிரிந்தது, அதைச் சோதிக்காதது நான்.

பக்கத்துப் பாத்தியிலிருந்த பெண்களும் பலகையை நிறுத்திக் கேட்டார்கள். ஒருத்தி, “பூச்சி இல்லாமயே பூச்சி கண்டுபுடிச்சிருக்குது, படிச்ச புள்ள” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை.

“தண்ணி நல்லதுன்னு சொன்னது யாரு?”

நீங்களும் சொன்னீர்கள், நானும் குடித்தேன் என்றேன்.

“மொதல்ல சொன்னது நானு. அத ஏன் எழுதல?”

“அக்கா, அது உங்களுக்கு எதிரா—”

“எதிரா இருந்தா இருக்கட்டும். இத்தன வருசம் இந்த நாக்க வெச்சுத்தான் பொழைச்சேன். தப்பா சொன்னா தப்புன்னு எழுது. நீ பண்ணத உன் பேருல எழுது, நான் பண்ணத என் பேருல எழுது. என்னாண்ட பாவம் பார்க்காத.”

வரப்பில் உட்கார்ந்து அந்த வரியையும் சேர்த்தேன். படித்துக் காட்டினேன். தலையசைத்தார். வருவீர்களா என்று கேட்டேன். உறையை அவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே, “கூப்புட வேண்டியது நீ இல்லியே” என்றார்.

திங்கட்கிழமை மேடம் முதலாளிக்கு போன் போட்டு, சத்தமாக வைத்து, என்னைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிவரை படித்தேன். முதலாளி, சரி, வரட்டும், ஆனால் மருந்துப் பக்கம் வேண்டாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும் என்றார்.

“மருந்து கலக்குறதுல அவங்க ஒரு சொட்டு மாத்தலைங்க” என்றார் மேடம். “அளவத் தப்பா சொன்னது எங்க ஆளு. எந்தத் தண்ணின்னு எழுதி வெக்காதது நானு. தப்பு பண்ணாத எடத்துலருந்து அவங்கள எடுத்துட்டு, தப்பு பண்ண எங்கள அங்கயே வெச்சிருக்கிறது நியாயமாங்க?”

அத்தனை ‘ங்க’வை முதலாளியும் புரிந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அஞ்சலை பழைய வேலைக்கே வரட்டும், அந்தப் பொண்ணு மூன்று மாதம் கூட நின்று கலக்கட்டும் என்றார். எனக்கு அது தண்டனை. அந்த மூன்று மாதமும் தினமும் டேங்கை முதுகில் மாட்டினேன். முதல் வாரம் நான் நடந்த நடையைப் பார்த்து, கால் சுட்ட பூனை என்றார் அஞ்சலை அக்கா. எண்ணெயைச் சொட்டு விடும் வேகத்தை அவர் கையைப் பார்த்துத்தான் சரிசெய்துகொண்டேன். அந்த வேலையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

மேடம் என் பட்டியலில் முதல் வரிக்கு மேலே பென்சிலால் ஒரு வரி சேர்த்தார்: தண்ணீரை மீட்டரில் பார், சோப்பு நுரைக்கிறதா பார், பாட்டிலில் ஊற்றி ஒரு டீ குடிக்கும் நேரம் வைத்துப் பார். அது இன்னும் கொட்டகைச் சுவரில் இருக்கிறது.

இப்போது நிலவரம் இது. கருகிய ஆறு பாத்திகளில் பெரும்பாலான கன்றுகள் ஆடி மழைக்குத் துளிர்த்தன. துளிர்க்காதவற்றுக்குப் பதில் மறுவருடம் புதிதாக விதைத்தோம். பிரம்மதேசம் ஏரிக்கரையில் நட்டவை இப்போது என்னைவிட உயரம். மாவுப்பூச்சி ஒவ்வொரு பங்குனியும் வருகிறது. தளிர் நுனியைக் கிள்ளி, அவற்றைக் காக்கும் எறும்பு ஏறும் வழியை மறித்தாலே பாதி தீர்ந்துவிடுகிறது, மீதிக்குத்தான் தெளிப்பு. ஷாகிதா மேடம் இன்னும் மேலாளர். திவ்யா தண்ணீரை அளந்து எழுதுகிறாள். அஞ்சலை அக்காவின் பாதம் ஆறிவிட்டது. மருந்து அவர்தான் கலக்கிறார்.